மாதா படகில் ஏறிய ரப்பர் பூட்ஸ்

சேசு மரி சூசை துணை. இது எனக்காகக் கேட்டது. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.

தஞ்சாவூர்,
ஆஸ்பத்திரி வராந்தா,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

கும்பகோணத்தில் செருப்புக் கடை வைத்து நல்ல நிலையில் இருக்கும் கொழுந்தனார் ஜோசப்ராஜ் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் பெரியநாயகசாமியின் மனைவி அமலி எழுதுவது. அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமா என்று முதலில் கேட்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். ஆகவே கேட்கிறேன். இங்கே சுகம் இல்லை. அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இருக்காது, எனக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் அன்றைக்குக் கரையில் இருந்தவர்களின் பெயரை எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நான் இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள், காலை ஒன்பதரை மணி. உங்கள் அண்ணன் இருந்தார், படகும் அவருடையது, காலும் அவருடையது. ஐயாவு இருந்தான், நீங்கள் படகை விட்டு இறங்கிய நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக, நீங்கள் பிடித்திருக்க வேண்டிய வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பவன். மீன் எடுக்க வந்த வியாபாரி மீரா உசேன் தராசோடும் குட்டியானை வண்டியோடும் இருந்தார். நர்ஸ் படிப்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த நம் பேத்தி லின்சி இருந்தாள். நான் கூடையோடு இருந்தேன். ஐந்து பேர். ஒரு நாயும் இருந்தது, அதன் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் இல்லை. உங்கள் கடைப் பூட்ஸ் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுத்தால் ஆள் தங்குவார், எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறிவிடும், அப்புறம் காலைப் பற்றிப் பேசவே வேலை இருக்காது என்று பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். இவர் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். நான் போட்டாலும் செல்லுமாம், ஆனால் புத்தி தெளிவாக இருக்கிற மனுஷன் வேண்டாம் என்று சொல்லும்போது கத்தி வைக்க மாட்டார்களாம். "தம்பி வரட்டும். அவன் வந்து சரின்னு சொன்னா போடுறேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறார். நீங்களோ போனை எடுப்பதில்லை. லின்சி பதினாறு தடவை அடித்தாள், நான் எண்ணினேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் லின்சி படித்துவிடுவாள். ஆகவே அவள் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். உங்களிடம் உதவி கேட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

நீங்கள் நீங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உனக்கு ஒன்பது வயது, மூக்கு ஒழுகும், தலை நிறையப் பேன். அந்தப் பேனை எடுத்தவள் நான். இனி நீ என்றே எழுதுகிறேன், மரியாதை வேண்டுமானால் மேலே எழுதியதைத் திரும்பப் படித்துக்கொள்.

இது மாசி மாதத்தில் தொடங்கியது. உன் அண்ணனுக்குக் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து வெள்ளை வெள்ளையாகப் போய்விட்டது. படகின் அடியில் எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும் என்பது உனக்கு மறந்திருக்காது, மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வலை இழுக்க இழுக்க இன்னும் வரும். ஐந்து மணி நேரம் அதிலேயே நிற்பார். சர்க்கரை வேறு. இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

"தொடுறேனா பெரியவரே?"

"இன்னும் தொடலையே. எப்ப தொடப் போறீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது, இனிக் கால் நனையக் கூடாது, புண் வரக் கூடாது என்றார். "எனக்குத் தொழிலே கடல்ல டாக்டரே" என்றார் இவர். "அப்ப கால் நனையாம போங்க" என்றார் அவர். அவரும் சிரிக்கவில்லை, இவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான், "இந்தாளு கடலைப் பார்த்திருக்கானா அமலி?" என்று கேட்டார்.

தொழிலை விடச் சொன்னால் விடுகிற ஆளா அவர். அதனால் காலை நனையாமல் வைப்பது என் வேலையாகிவிட்டது. நான் வலங்கைமான் பக்கம் சேற்றில் நின்று நாற்று நட்டு வளர்ந்தவள், சேற்றுப்புண் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் நடவு முடிந்தால் மருதாணி அரைத்துக் காலில் அப்புவோம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள் அல்லவா, பூசை முடிந்து வந்ததும் அவரை உட்கார வைத்து இரண்டு பாதத்துக்கும் கணுக்கால் வரைக்கும் அப்பித் துணி சுற்றிவிட்டேன். புண் கொஞ்சம் காய்ந்தது உண்மை. ஆனால் திங்கட்கிழமை அவர் படகில் ஏறினபோது கால் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. ஐயாவு வலையை அப்படியே போட்டுவிட்டு, "என்னண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டிருக்கிறான். கரைக்குத் திரும்பினால் மீரா உசேன், "பெரியவரே, எல்லாஞ் சரி, வளையல மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்கிறார். உன் அண்ணன் வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். தோல் போயிற்று, சிவப்புப் போகவில்லை.

அடுத்து, பை. உன் மகள் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு புடவை எடுத்தாயே, அது வந்த கும்பகோணத்து ஜவுளிக்கடைப் பை. புடவை முதல் தண்ணீரிலேயே சாயம் போய்விட்டது, நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன். பை மட்டும் கெட்டி. அது ஒன்று, அதே மாதிரி இன்னொன்று, இரண்டையும் காலில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டி அனுப்பினேன். கடல் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவர் வியர்வை ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவிழ்த்தபோது காலுக்கு அரைச் செம்பு கொட்டிற்று. போதாததற்குப் பலகையில் அந்தப் பை வழுக்கி, நண்டுக் கூடையில் போய் உட்கார்ந்துவிட்டார். நண்டு எங்கே பிடித்தது என்பதை ஐயாவு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான், நான் எழுத மாட்டேன்.

அப்புறம் நாற்காலி. காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தால் தீர்ந்தது என்று யோசித்து, கோயில் ஹாலில் அன்பியக் கூட்டத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வந்து, படகின் குறுக்குப் பலகையில் கயிற்றால் கட்டிவிட்டேன். எதிரே ஐஸ் பெட்டி, அதன் மேல் கால். முதல் நாள் பக்கத்துப் படகுக்காரர்கள், "தலைவர் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று கும்பிட்டார்களாம். இவரும் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இரண்டாம் நாள் ஒரு அலை வாட்டமாக வர, கயிறு அவிழ்ந்து நாற்காலியும் தலைவரும் ஒன்றாகக் கடலில். ஐயாவு எட்டிப் பிடித்தது நாற்காலியை.

"ஏன்டா, என்னை விட்டுட்டு அதைப் பிடிக்கிற?"

"உங்களுக்கு நீந்தத் தெரியும்ணே. நாற்காலி கோயிலுது."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று உன் அண்ணன் வந்து என்னிடம் சொன்னார். நான் ஐயாவுவை அதற்காக இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு கணக்கு.

இதையெல்லாம் மீரா உசேன் மீன் கொண்டுவரும்போது உன் கடையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். நீ சிரித்தாயாம். பிறகு அழுதாயாம். அவர் சொன்னார், நான் நம்பவில்லை. மறு வாரம் குட்டியானையில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரைக்கும், உள்ளே வெள்ளைத் துணி வைத்துத் தைத்தது, அடியில் வழுக்காத கெட்டி ரப்பர். அவர் அளவு ஒன்பது, சரியாக ஒன்பது. லின்சியின் புதுநன்மை விழாவுக்கு வந்தபோது எனக்குச் செருப்புக் கொண்டுவந்தாயே, என் கால் எட்டு, நீ கொண்டுவந்தது ஆறு. ஒரு செருப்புக் கடைக்காரனுக்கு அண்ணியின் கால் அளவு தெரியவில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன், பெட்டியோடு.

பூட்ஸைப் பார்த்ததும் உன் அண்ணன் பெட்டியை மூடிவிட்டார். "நல்ல சாமான். திருப்பி அனுப்பிடு" என்றார். ஏன் என்று உனக்குத் தெரியும், உன் வீட்டில் இருக்கும் கும்பகோணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்காக எழுதுகிறேன். நம் வீட்டில் காலில் செருப்போடு படகில் ஏறியவன் கிடையாது. செருப்பைக் கரையில் மணலில் விட்டுவிட்டு, படகைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஏறுவது. அதன் முகப்பில் ஆரோக்கிய மாதா என்று எழுதியிருக்கிறது. ஏதோ கணக்கெடுக்க வந்த ஒரு ஆபீசர் ஷூவோடு ஏறிவிட்டார் என்று உன் அப்பா மூன்று தடவை படகைக் கழுவினார். மாதாவின் மடியில் ரப்பர் பூட்ஸோடு ஏறுவது எப்படி என்று இவர் கேட்கிறார். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். "சாமி, இதை மந்திரிச்சுக் குடுங்க. மந்திரிச்ச சாமான்னா படகுல ஏறலாம்" என்றேன். அவர் இளவட்டம், ஒரு மாதிரி பார்த்தார். இதுவரைக்கும் வீடு மந்திரித்திருக்கிறார், பைக் மந்திரித்திருக்கிறார், ஒரு தடவை போர்வெல் மந்திரித்திருக்கிறார், பூட்ஸ் மந்திரித்ததில்லையாம். "அதுக்குன்னு ஜெபம் எதுவும் இல்லையேம்மா" என்றார். "பைக்குக்கு உள்ளதையே சொல்லுங்க சாமி, ரெண்டும் போறதுக்குத்தானே" என்றேன். சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, "மந்திரிச்சாச்சு, போடுங்க" என்றேன். மனுஷன் துள்ளி எழுந்து நின்றுவிட்டார். "மந்திரிச்ச சாமானுக்குள்ள காலை விடச் சொல்றியே, உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டார். அதோடு விட்டாரா, அதை எடுத்துத் துடைத்து, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. ஜெபமாலை சொல்லும்போது எனக்கு எதிரே மாதா, மாதாவுக்கு இரண்டு பக்கமும் பூட்ஸ். வந்தவர்கள் எல்லாரும் எந்தப் புனிதருடையது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் கால் அந்த மூன்று வாரமும் தண்ணீரில்தான் நின்றது. பொறுக்க முடியாமல் சாமியாரையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் மாடத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவரே, நான் அன்னிக்கு மந்திரிச்சது பூட்ஸை இல்ல. அதைப் போடப் போற காலை" என்றார்.

"கால் அங்க இல்லையே சாமி."

"எங்க இருந்தாலும் போய்ச் சேரும். ஜெபம்தானே."

இவர் குனிந்து தம் பாதம் இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு சரி என்றார். சாமியார் பேச்சை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை முதல் போட்டுக்கொண்டு போனார். லின்சியின் பழைய பள்ளிக்கூடச் சாக்ஸ் இரண்டை உள்ளே மாட்டிவிட்டேன். கரையில் ஒருத்தரும் கேலி செய்யவில்லை, அவர் அப்படிச் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். காலை பத்து மணிக்கு இறங்கும்போது சாக்ஸ் எள்ளளவும் நனையவில்லை. செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. "எப்படிங்க இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "சுகமா இருக்கு அமலி. கால்னு ஒண்ணு இருக்கறதே தெரியல" என்பார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அடுப்படியில் நின்று பாட்டுக்கூடப் பாடினேன் ஜோசப்ராஜ். கால் இருப்பது தெரியவில்லை என்று ஒருத்தர் சொன்னால் பாடக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து அவரே மாட்டி அவரே கழற்றினார், சாக்ஸை நான் கேட்டால் நாளைக்குத் துவைக்கலாம் என்றார். ஆடிப்பெருக்கன்று ஞாயிறு, பூட்ஸைக் கழற்றாமலே பூசைக்கு வந்தார், அவ்வளவு சுகமாம்.

மறுநாள்தான் அந்த நாள். பெருக்கில் விட்ட பூவும் மாலையும் காவிரி முகத்துவாரத்தில் வந்து வலையெல்லாம் சிக்கிக் கிடந்தது. ஐயாவு அதைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். மீரா உசேன் எடை போட்டுக்கொண்டிருந்தார். உன் அண்ணன் படகிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது லின்சி என் கையைப் பிடித்தாள்.

"அம்மாச்சி, தாத்தா ஏன் ஒரு பக்கமா சாயிறாரு?"

"மணல்ல பூட்ஸ் புதையுதுடி."

"இல்ல. காலைக் காட்டச் சொல்லு."

"என் காலுக்கு என்ன கேடு, சுகமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து காலை நீட்டினார். லின்சி வலது பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஐயாவு வந்து சேர்ந்து இழுத்தான். வந்தது. முதலில் நாற்றம் வந்தது. மீரா உசேன் தராசைக் கீழே வைத்தார். அந்த வெள்ளைச் சாக்ஸின் அடிப்பக்கம் கறுப்பாகக் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. லின்சி தண்ணீர் ஊற்றி ஊற்றி உரித்தாள். உள்ளங்காலில், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கம்பி ஏறியிருந்தது. அவள் உருவினாள். அவர் மூஞ்சியில் ஒரு சுளிப்பு இல்லை.

"எத்தனை நாளா தாத்தா?"

"எது?"

"இது தாத்தா. காலுக்குள்ள இருந்தது."

"காலுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐயாவு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான், யாரோ செத்துப்போன மாதிரி. நான் அந்தக் கம்பியை லின்சி கையிலிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்தேன். எறிந்துவிட்டு, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஜோசப்ராஜ் கடைப் பூட்ஸ். உள்ள கம்பி வச்சுத் தச்சு அனுப்பியிருக்கான்" என்று சொன்னேன். அத்தனை பேரும் நம்பினார்கள்.

பிறகு நடந்தது உனக்கு மீரா உசேன் சொல்லியிருப்பார். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு இரண்டு, இப்போது முழங்காலுக்குக் கீழே. மூன்று வாரமாக இந்த வராந்தாதான் எனக்கு வீடு. நீ அன்றைக்கே கடையைப் பூட்டினாயாம். கடையில் இருந்த அந்தப் பூட்ஸ் அத்தனையையும் கை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தாயாம். "அண்ணன் கால்மாட்டுல போய் நான் எப்படி நிப்பேன்? என் கையால அனுப்பினது" என்று சொல்லி அழுதாயாம். ஆனால் வரவில்லை. அழுகிறவன் அங்கே உட்கார்ந்து அழுதால் இங்கே யாருக்கு லாபம்?

உன் அண்ணன் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். "பூட்ஸ் நல்ல பூட்ஸ்னு தம்பிகிட்ட சொல்லு" என்கிறார். பஸ் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்க்கிறார். நேற்று நான் கத்திவிட்டேன், அந்த மனுஷன் எதுக்கு வரணும், வந்து என்ன செய்யப் போகிறான் என்று. அவர் மெதுவாகச் சொன்னார்: "சுனாமியில அவன் காலைப் பிடிச்சு இழுத்தவன் நான். கை நழுவ நழுவ விடல. என் காலை எடுக்கறதுன்னா அவன் பக்கத்துல நிக்கணும் அமலி. அவன் சொன்னா போகட்டும்." சுனாமி வந்து பத்தாம் மாதம் நீ படகை விட்டு இறங்கினபோது நான் உன்னை என்னென்ன சொன்னேன் என்று எனக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வேளாங்கண்ணியில் கொடி ஏறப் போகிறது, உன் பிள்ளைகளுக்கு மாதா எல்லா நலமும் கொடுக்கட்டும். உன் பெண்சாதிக்கு என் விசாரிப்பைச் சொல், அவள் மேல் இருக்கும் குறைகளை வேறு கடிதத்தில் எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் கால் எல்லாம் நன்றாக இருக்கட்டும். நாளைக் காலையில் மீரா உசேன் இங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுக் கும்பகோணம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அன்று கரையில் இருந்த யாரையும் நான் காலம் போனால் மன்னித்துவிடுவேன். மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான், அவன் பெயர் ஜோசப்ராஜ்.

இப்படிக்கு,
உன் அண்ணி அமலி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு கொடுக்க உள்ளே போனேன். அவர் சாப்பிடாமல், "தம்பி கிளம்பிட்டானா?" என்று கேட்டார். நீ கிளம்பிவிட்டாய் என்று பொய் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு, லின்சி கண்ணில் படக் கூடாது.

உன் பூட்ஸில் கம்பி இல்லை. சாமியார் வாயால் சொல்லிவிட்டார், அது மாதா காதில் விழுந்ததோ இல்லையோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. ரப்பரை மாட்டிக்கொண்டு அவள் படகில் ஏறி, நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால்? முதன்முதல் பூட்ஸ் போட்ட அந்தத் திங்கட்கிழமை, அவர் குளிக்கப் போன நேரத்தில், என் கழுத்தில் கிடந்த வேளாங்கண்ணி மாதா டாலரைக் கழற்றி, வலது பூட்ஸின் உள்துணியில் ஒரு ஊக்கால் குத்தி வைத்தேன். கணுக்காலுக்கு மேலே குத்தினேன், மாதாவை மிதிக்கக் கூடாதே என்று. அவளே அவரைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு யோசித்த எனக்கு, ஊக்கு கழன்றால் கீழே விழும் என்று யோசிக்கத் தெரியவில்லை. விழுந்து மிதிபட்டு நிமிர்ந்து, கம்பி மாதிரி அவர் காலில் ஏறியது அதுதான். அவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள் நான்.

லின்சியும் ஐயாவுவும் பூட்ஸை இழுத்தபோது டாலர் மணலில் விழுந்தது. யாரும் பார்ப்பதற்கு முன் என் காலை அதன் மேல் வைத்துவிட்டேன். நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினபோது மாதா என் பாதத்துக்கு அடியில் இருந்தாள். எல்லாரும் வண்டியில் ஏறின பிறகுதான் குனிந்து எடுத்தேன்.

உன் பூட்ஸ் நல்ல பூட்ஸ். ஒரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. நீ தலை நிமிர்ந்து வா தம்பி. வியாழக்கிழமையே வந்துவிடு, கால்மாட்டில் நிற்க வேண்டாம், தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்று சொல். கையெழுத்துப் போடட்டும். இதை அவரிடம் நீ சொல்ல வேண்டாம், அவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் நானே சொல்கிறேன். ஐயாவு, மீரா உசேன், லின்சி மூன்று பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மன்னிக்காத ஆள் என்று மேலே கடைசியில் எழுதியிருந்த உன் பெயரை அடித்துவிட்டேன், மை ஊறித் தாள் கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய பெயர் பெரியநாயகசாமி மனைவி அமலி.